பலகை ஆட்டத்தைப் பாராட்டுவது எப்படி?



'பாரம்பரியப் பலகை விளையாட்டுகளின் நன்மைகள்' என்று தலைப்புக் கொடுத்தால் என்ன கட்டுரை வரும் என்பதைத் தாளைத் திருப்பாமலேயே சொல்லிவிடலாம். முதல் பத்தியில் பண்பாட்டுப் பெருமை. இரண்டாவதில் நினைவாற்றல் வளர்கிறது. மூன்றாவதில் குடும்ப ஒற்றுமை. நான்காவதில் திறன்பேசியின் தீமை. முடிவில் 'நாம் அனைவரும் பேணிக் காப்போமாக'. பிழை இருக்காது, மரபுத்தொடரும் ஒன்றிரண்டு வந்திருக்கும், ஓரளவு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அதைப் படித்தவர் யாரும் ஒரு பலகையை எடுத்து வைத்து உட்கார மாட்டார். ஏன் என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பெயரை மாற்றிப் பாருங்கள்

ஒரு சின்னச் சோதனை. மாதிரிக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'பலகை விளையாட்டு' என்று வரும் இடத்திலெல்லாம் 'நூலகம்' என்று போடுங்கள். 'நூலகம் சிந்தனைத் திறனை வளர்க்கிறது. நூலகம் நேரத்தைப் பயனுள்ள வழியில் கழிக்க உதவுகிறது.' வாக்கியம் நிற்கிறது, இல்லையா? 'தோட்டக்கலை' என்று போட்டாலும் நிற்கும். எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வாக்கியம் எந்தப் பொருளைப் பற்றியும் பேசவில்லை என்றுதான் அர்த்தம்.

இதற்கு மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாமும் அப்படித்தான் கற்பிக்கிறோம். பல்லாங்குழி என்றால் கணக்கு, தாயம் என்றால் ஒற்றுமை, ஆடுபுலி என்றால் வியூகம் என்று ஆளுக்கொரு 'பயன்' ஒட்டிக் கொடுக்கிறோம். கவிதையில் நயம் பாராட்டும்போது 'இக்கவிதை நல்ல கருத்தைச் சொல்கிறது' என்று எழுதினால் விடுவோமா? எந்தச் சொல், எந்த அணி, அது என்ன செய்கிறது என்று கேட்போம். ஆட்டத்தையும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, ஆட்டத்தில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? விதி இருக்கிறது. வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தின் முதல் குறளில் (401) ஓர் ஆட்டத்தைத்தான் உவமையாக்குகிறார். நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசப் போவது, கட்டம் வரையாமல் வட்டு ஆடுவதைப் போன்றது என்கிறார். சூதாட்டத்தைக் கண்டிக்கத் தனி அதிகாரமே (94) வைத்தவர் இவர். ஆனாலும் கட்டம் கீறி ஆடும் வட்டாட்டத்தை அறிவுக்கு உவமையாக்க அவர் தயங்கவில்லை. 'தாயம் உருட்டினால் குடும்பம் விளங்காது' என்று சொல்லும் பெரியவர்களுக்கு இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டலாம். வள்ளுவர் சூது என்று கண்டிப்பது பொருளைப் பணயம் வைத்து இழப்பதை. கட்டம் வரைந்து விதிக்கு உட்பட்டு ஆடுவது வேறு.

பிரெஞ்சு அறிஞர் ரோஜே கையுவா 1958இல் வெளியிட்ட நூலில் விளையாட்டின் இன்பத்தை நான்காகப் பிரித்தார்: போட்டி, வாய்ப்பு, பாவனை, கிறுகிறுப்பு. ராட்டினம் தருவது நான்காவது. பலகை ஆட்டங்களில் பெரும்பாலும் முதல் மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். அந்தக் கலவையை முடிவு செய்வது விதிதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நமக்குத் தெரிந்த ஐந்து ஆட்டங்களைப் பார்ப்போம்.

பரமபதம்: ஆட்டமாகப் பார்த்தால் சுமார்தான்

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பரமபதத்தில் ஆடுபவருக்கு வேலையே இல்லை. உருட்ட வேண்டும், விழுந்த எண்ணுக்கு நகர வேண்டும், ஏணி வந்தால் ஏற வேண்டும், பாம்பு வந்தால் இறங்க வேண்டும். 'இதைச் செய்யலாமா, அதைச் செய்யலாமா' என்று ஒரு தடவைகூட யோசிக்க வேண்டியதில்லை. இந்த ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவில் 1943இல் பாம்புக்குப் பதில் சறுக்குமரம் போட்ட பலகையாக வந்தது. அந்தப் பலகையில் ஒருவர் முடிக்கச் சராசரியாக 40 முறை அளவுக்குச் சுழற்ற வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நாற்பதிலும் அவருடைய முடிவு என்று ஒன்றும் கிடையாது.

ஆகவே 'பரமபதம் சிந்தனைத் திறனை வளர்க்கிறது' என்று எழுதினால் அது பொய். வேறு எதற்காக ஆடுகிறார்கள்? வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருக்கப் பரமபதம் ஆடும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் யோசிக்க வைக்கும் ஆட்டம் யாருக்கு வேண்டும்? பாட்டியும் ஆறு வயதுப் பேத்தியும் சமமாக உட்காரக்கூடிய ஆட்டம்தான் வேண்டும். திறமைக்கு இடமே இல்லாததால்தான் அந்தச் சமம் கிடைக்கிறது. பழைய பலகைகளில் பாம்புகளுக்கு அசுரர் பெயர்களும் தீய குணங்களின் பெயர்களும் இருக்கும். விழும்போதெல்லாம் ஒரு கதை வரும், சிரிப்பு வரும். கையுவாவின் சொல்லில் இது வாய்ப்பும் பாவனையும் கலந்தது. போட்டி இதில் வெறும் பேச்சுக்குத்தான்.

தாயம்: காத்திருப்பின் ருசி

தாயத்திலும் வாய்ப்பு உண்டு, ஆனால் அளவோடு. இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: வெறுமை, 1, 2, 3. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் ஒன்று என்ற எண்ணிக்கை, அதாவது 'தாயம்', இரண்டு விதத்தில்தான் விழும். எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. தாயம் விழாமல் காய் இறக்க முடியாது. பத்துத் தடவை உருட்டிய பிறகும் ஏறத்தாழ நாலு பேரில் ஒருவருக்குத் தாயம் விழுந்திருக்காது. கணக்குப் பாடத்தில் நிகழ்தகவு படித்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

பிறகு 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடியும் உருட்டலாம். 12 என்பது இரண்டு கட்டையும் வெறுமையாக விழுவது. ஒன்றுமே இல்லாதது உச்ச எண்ணாகிவிடுகிறது! இந்த நான்கும் சேர்ந்து 16இல் 6 விதம். அதனால் ஒரே ஆள் தொடர்ந்து உருட்டிக்கொண்டே போகும் நேரம் வந்துகொண்டே இருக்கும். எதிரில் இருப்பவர் "போதும்டி, கட்டையைக் குடு" என்று கத்துவது இங்கேதான்.

இன்பம் இதோடு முடியவில்லை. விழுந்த எண்ணை எந்தக் காய்க்கு வைப்பது என்பது உங்கள் முடிவு. வெட்டுவதா, மலைக்கட்டத்தில் ஒதுங்குவதா? எதிரியை ஒரு தடவையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போய்ப் பழம் எடுக்கலாம் என்ற விதியோடு ஆடும் வீடுகளில் ஒதுங்கியே காலம் தள்ளவும் முடியாது. விதி உங்களைச் சண்டைக்கு இழுக்கிறது. அதே சமயம் வெட்டுப்பட்ட காய் செத்துப் போவதில்லை, தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது. ஆட்டம் முடியும் வரை யாரும் வெளியே போய் உட்கார வேண்டியதில்லை. மகாபாரதச் சூதில் தருமன் எல்லாவற்றையும் வைத்து இழக்கிறான். பாரதியின் 'பாஞ்சாலி சபதம்' படிக்கும்போது அந்தப் பகடையையும் வீட்டுத் தாயத்தையும் ஒப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். உருட்டுவது இரண்டிலும் உண்டு. தோற்றவன் மறுபடி நுழைய வழி இருப்பது தாயத்தில்தான்.

பல்லாங்குழி: கணக்கா, விதியா?

கட்டுரைகளில் அதிகம் பாராட்டப்படுவதும் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் பல்லாங்குழிதான். பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள், குழிக்கு ஐந்தாகப் போட்டால் 70 முத்துகள். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கும் அடுத்ததில் உள்ளது உங்களுக்கு. வழியில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் சிறு மாற்றங்கள் உண்டு.

இதில் பகடை இல்லை. எல்லாம் கண்முன்னே இருக்கிறது. அப்படியானால் இது முழுக்கத் திறமை ஆட்டமா? முறைப்படி பார்த்தால் ஆம். ஆனால் அள்ளுவது அள்ளுவதாகத் தொடரும்போது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே எண்ணிவிட எல்லாராலும் முடியாது. முடிவு ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது, ஆனால் நமக்குத் தெரியாது. இந்த ஆட்டத்தின் தனி இன்பமே இதுதான். கணக்குத் தெரிந்தவர் கொஞ்ச தூரம் பார்க்கிறார், தெரியாதவர் கையை நம்புகிறார். இருவரும் ஒரே பலகையில் ஒரே ஆவலோடு ஆட முடிகிறது.

மலாய் அண்டை வீட்டார் ஆடும் சொங்காக்கும் இதே குடும்பம்தான். ஆனால் இரண்டு முனைகளிலும் பெரிய 'வீடு' உண்டு. போட்டுக்கொண்டு போகும்போது நம் வீட்டிலும் ஒன்று போடுவோம், எதிரியின் வீட்டைத் தாண்டிவிடுவோம். கடைசி முத்து நம் வீட்டில் விழுந்தால் மறு ஆட்டம் நமக்கே. இந்த ஒரு விதியால் ருசி மாறுகிறது. பல்லாங்குழியில் ஜெயித்தது மடிக்குப் போகும். சொங்காக்கில் அது பலகையிலேயே எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி குவியும். கடைசி முத்தை வீட்டில் இறக்கக் கணக்குப் போடுகிறவருக்குச் சொங்காக் அதிகம் பிடிக்கும். எது உயர்ந்தது என்று சண்டை போட வேண்டாம். இரண்டையும் ஆடிப் பார்த்து எது உங்களுக்குப் பிடிக்கிறது, எந்த விதியால் பிடிக்கிறது என்று எழுதினால் அது நல்ல ஒப்பீட்டுக் கட்டுரை.

குறையையும் சொல்ல வேண்டும். அடுத்த சுற்றில் தோற்றவர் தம்மிடம் உள்ள முத்துகளால் நிரம்பும் குழிகளோடுதான் ஆட வேண்டும். இருப்பவருக்கு மேலும் சேரும், இல்லாதவருக்கு வழி குறையும். சின்னப் பிள்ளைகள் அழுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். தனியாக ஆடும் 'சீதைப் பாண்டி' என்ற வகையும் உண்டு. அசோகவனத்தில் சீதை ஆடியதாக மக்கள் கதை சொல்வார்கள். ஜெயிக்க ஆளில்லாதபோதும் கை முத்தைத் தேடுகிறது என்றால், வெற்றியைத் தாண்டி ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்? முத்து விழும் சத்தமும் குழி நிரம்பி வெறுமையாகும் காட்சியும்கூட இன்பம்தான்.

ஆடுபுலி: என் ஓட்டு இதற்கே

மூன்று புலி, 15 ஆடு, 23 சந்திப்புப் புள்ளிகள். புலி தாண்டி ஆட்டை வெட்டும். ஆட்டால் யாரையும் வெட்ட முடியாது, சுற்றி நின்று புலி நகர முடியாமல் அடைக்க வேண்டும். பதினைந்து ஆட்டையும் இறக்கி முடிக்கும் வரை ஒன்றைக்கூட நகர்த்த முடியாது.

இரு பக்கமும் சமம் இல்லாத ஆட்டம் இது. சதுரங்கத்தில் இருவருக்கும் ஒரே படை. இங்கே ஒருவருக்கு வலிமை, மற்றவருக்கு எண்ணிக்கை. புலிக்காரருக்கு அவசரம் உதவும், ஆட்டுக்காரருக்குப் பொறுமை. ஒரே பலகையில் இரண்டு வேறு இன்பங்கள்! இதன் உறவு ஆட்டங்கள் பல நாடுகளில் உண்டு. மலாயில் 'ரிமாவ்-ரிமாவ்', நேபாளத்தில் நான்கு புலியும் 20 ஆடும் கொண்ட 'பாக்சால்'. இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் பாக்சால் சமநிலையில் முடியும் என்று கணினி ஆய்வு காட்டியிருக்கிறது. பார்க்க ஏற்றத்தாழ்வு, உள்ளே சமநிலை.

தோட்டப்புற மாணவர் ஒருவர் 'புலி என்றால் துரை, ஆடு என்றால் தொழிலாளி' என்று எழுதக்கூடும். நல்ல வாசிப்புதான். அத்தோடு நிறுத்திவிடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறுகிறதே, அப்போது என்ன? நேற்று ஆடு மேய்த்தவர் இன்று புலி வைத்து வேட்டையாடுகிறார், அதிலும் மகிழ்கிறார். ஆட்டம் நீதிபோதனை செய்வதில்லை. இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து பார்க்க வைக்கிறது.

சாய்டினா: சொந்த வீடு இல்லாதவர் நிலம் வாங்கிய ஆட்டம்

கடைப் பலகைகளையும் விட்டுவிடக் கூடாது. நம் நாட்டில் பலர் வளர்ந்தது மோனோப்போலியின் மலேசிய உறவான சாய்டினாவோடு. நிலம் வாங்கு, வீடு கட்டு, வாடகை வசூலி. மோனோப்போலிக்கு மூலமான ஆட்டத்துக்கு எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904இல் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று காட்டுவதே அவர் நோக்கம். 1935இல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வடிவத்தில் எச்சரிக்கை மறைந்து குவிப்பது மட்டும் இன்பமாக நின்றது.

லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகள் காகித நோட்டில் நிலம் வாங்கினார்கள். இதை முரண் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் பாவனை இன்பம் இப்படித்தான் வேலை செய்கிறது. இல்லாததைக் கையில் வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். ஆட்டமாக இதன் குறை வேறு. நொடித்துப் போனவர் வெளியே போய்விட வேண்டும், மற்றவர்கள் முடிக்க மணிக்கணக்காகும். தாயம் யாரையும் வெளியே அனுப்புவதில்லை என்று மேலே பார்த்தோம். 1995இல் ஜெர்மனியில் வந்த 'கத்தான்' ஆட்டத்திலும் கடைசி வரை யாரும் வெளியேறுவதில்லை. இந்த ஒரு பண்பில் தாயத்தின் விதி நவீனமாகவே இருக்கிறது.

பலகை கிடைக்கிறது, ஆள் எங்கே?

நற்றிணை 3ஆம் பாடலில் இளங்கீரனார் ஒரு காட்சி வைக்கிறார். வேப்பமரத்தின் புள்ளி நிழலில், உரைகல்லில் கீறியதுபோல் தரையில் கட்டம் கீறி, பள்ளிக்கூடம் பார்க்காத சிறுவர்கள் நெல்லிக்காயை வைத்து வட்டு ஆடுகிறார்கள். பலகை தரையிலிருந்து, காய் மரத்திலிருந்து. செலவு ஒரு காசும் இல்லை.

லுக்குட், போர்ட்டிக்சன் சுற்றுத் தோட்டங்களில் ரப்பர் இருந்த காலத்திலும் அதே கதைதான். ரப்பர்க் காய் வெடித்தால் மூன்று கொட்டை. மண்ணில் குழி தோண்டினால் பல்லாங்குழி, சிமெண்டுத் தரையில் கரியால் கோடு போட்டால் தாயம், ஆடுபுலி. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. கொட்டை போனதால் ஆட்டம் போகவில்லை. பிளாஸ்டிக் பலகை கடையில் கிடைக்கிறது, திறன்பேசியில் எல்லா ஆட்டமும் இருக்கிறது. போனது லயத்தின் அமைப்பு. வரிசை வீடு, பொதுவான முன்தாழ்வாரம். காலையிலேயே பால்வெட்டுக்குப் போனவர்கள் மத்தியானத்துக்குப் பிறகு ஒரே நேரத்தில் ஓய்ந்திருந்தார்கள். இப்போது அம்மாவுக்கு ஒரு நேரம், அப்பாவுக்கு இரவுப் பணி, பிள்ளைக்கு டியூஷன். எதிரில் உட்கார ஆள் இல்லை.

'பேணிக் காப்போம்' என்று எழுதும்போது எதைப் பேணுவது என்று தெரிய வேண்டும். பலகையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பலகைதான் பிழைக்கும். தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்று தனி நூலே எழுதி ஆடும் முறைகளைப் பதிவு செய்தார். அவர் செய்தது நம் வேலையைப் பாதி முடித்துவிட்டது. மீதிப் பாதி, ஆடுவது. பிள்ளைகள் விதியைச் சண்டை போட்டு மாற்றினால் 'அது மரபு இல்லை' என்று தடுக்க வேண்டாம். ஊருக்கு ஊர் விதி வேறுபட்டதே அப்படிச் சண்டை போட்டதால்தான்.

வகுப்புக்கும் தேர்வுக்கும்

1. இரண்டு மாணவர், ஒரு பலகை, 20 நிமிடம். ஆடி முடித்ததும் 'எந்த நொடியில் உங்களுக்கு அதிக ஆவல் வந்தது? அதைக் கொண்டுவந்த விதி எது?' என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள்.

2. வாக்கியத்தைத் திருத்துங்கள். 'தாயம் பொறுமையை வளர்க்கிறது' என்பது யாரும் எழுதக்கூடியது. 'எட்டில் ஒரு பங்கே வாய்ப்புள்ள தாயத்துக்காகக் காத்திருந்து, விழுந்த பிறகும் காயை வெட்டுக்கொடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குபவர் பொறுமை இல்லாமல் இந்த ஆட்டத்தை முடிக்கவே முடியாது' என்பது ஆடியவர் எழுதியது. கருத்து ஒன்றுதான், இரண்டாவதில் சான்று இருக்கிறது.

3. ஒரு விதியை மட்டும் நீக்குங்கள். பல்லாங்குழியில் 'பசு' இல்லையென்றால் ஆட்டம் எப்படி மாறும்? இது உயர்நிலைச் சிந்தனைக்கு நல்ல கேள்வி, விடையை ஆடித்தான் கண்டுபிடிக்க முடியும்.

4. குறையையும் எழுதப் பழகுங்கள். பரமபதம் யோசிக்க வைக்காது என்று ஒப்புக்கொண்டு, அப்படியிருந்தும் மக்கள் ஏன் ஆடினார்கள் என்று விளக்கும் மாணவரின் பாராட்டை வாசகர் நம்புவார்.

5. கட்டுரை முடிந்ததும் பெயர்மாற்றுச் சோதனை. 'நூலகம்' என்று போட்டுப் பார்த்து நிற்கும் வாக்கியங்களை அடித்துவிடுங்கள். மிஞ்சியிருப்பவற்றிலிருந்து மறுபடி எழுதத் தொடங்குங்கள்.